பசை காயக் கவிழ்த்து வைத்த விமானம்

தரைப்படைக்குச் சொந்தமாக விமானம் எதற்கு? இந்தக் கேள்வி என்னை ஏன் இத்தனை வருஷமாகப் படுத்துகிறது என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். எனக்கும் ராணுவத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பசுந்தாங்கில் என் வீட்டுக்காரர் வைத்திருந்த கடைசல் பட்டறையில் பெயிண்டு அடித்துக்கொண்டிருந்தவள் நான். அவர் மரத்தைக் கடைந்தும் செதுக்கியும் கொடுப்பார், நான் வர்ணம் பூசி எழுத்து எழுதுவேன். பள்ளிக்கூடத்துக் கேடயம், பந்தயக் கோப்பைக்கு அடிக்கட்டை, ஆபீஸ் பெயர்ப்பலகை, கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிற சின்னப் படகு, இவைதான் எங்கள் வேலை. கீழே பட்டறை, மேலே மச்சில் நாங்கள் இருவரும் எங்கள் ஒரே மகளும். இதற்குள் குண்டு போடுகிற விமானம் எப்படி வந்து நுழைந்தது என்பது எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு மழைக்காலம் முடிகிற சமயம். மகள் பத்தாவது தேறியிருந்தாள், இங்கே பள்ளிக்கூடத்தில் அதுதான் கடைசி வகுப்பு. டாக்டருக்குப் படிக்கிற அளவுக்கு மார்க்கு. தெருவில் நான் நடந்த நடையே வேறு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் டாக்டர் படிப்புக்கு விண்ணப்பம் போட மட்பொந்தின் வேண்டும். குடியுரிமை அட்டையை இங்கே பர்மியில் அப்படித்தான் சொல்வோம். மாமனார் கடல் கடந்து துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அவருடைய வேலைச் சான்று, குடும்பப் பட்டியல், என் வீட்டுக்காரர் பிறந்த சீட்டு எல்லாம் ஒரு தகர டப்பாவில் இருந்தன. மகளுக்கு அட்டை கேட்டு மனு கொடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. போகும்போதெல்லாம் மேலே போயிருக்கிறது என்றார்கள். எவ்வளவு மேலே என்று நான் ஒருமுறை கேட்டுவிட்டேன், அதற்குப் பிறகு அந்த அட்டை ஆபீஸ் குமாஸ்தா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்குகிற கடைசித் தேதிக்கு மூன்று மாதம்கூட இல்லை.

அப்போதுதான் அந்த மேஜர் வந்தார். பர்மியில் போமு என்று கூப்பிடுவோம். நாற்பது வயதிருக்கும், ஒல்லி, ஒரு காது கொஞ்சம் மந்தம். ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு படத்தை மேசையில் விரித்தார். நேராக நீட்டிய இறக்கை, மூக்கில் ஒரே ஒரு விசிறி, இறக்கைக்கு அடியில் குண்டுகள். இதை ஒரு முழ நீளத்தில் தேக்கில் செய்து தர வேண்டும், பெரியவர்கள் கூடுகிற ஒரு கூட்டத்தில் காட்டப் போகிறேன் என்றார். நிறம் தரைப்படையின் பச்சை. இறக்கையில் அடையாளக் குறி எதுவும் போடக் கூடாது, அது இன்னும் முடிவாகவில்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. விமானப்படை என்று ஒன்று இருக்கிறதே, அவர்களிடம் விமானம் இருக்கிறதே, தரைப்படைக்கு இது எதற்கு என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் உளியைக் கீழே வைத்து என்னை முறைத்தார். மேஜர் கோபப்படவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எனக்குப் பாடம் எடுப்பதுபோல இல்லாமல் தனக்குள் புலம்புவதுபோலச் சொன்னார். மலையில் ஆட்கள் மாட்டிக்கொண்டு ரேடியோவில் கூப்பிட்டால், விமானப்படைக்காரர்கள் மேலிடத்து அனுமதி கேட்பார்களாம். அனுமதி வந்தால் மேகம் என்பார்களாம். மேகம் விலகினால் எண்ணெய் இல்லை. கடைசியில் வருகிற ஜெட்டு கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த மலைக்குப் போய்விடும். ஹெலிகாப்டர் பாரம் தூக்க நல்லது, சண்டைக்குத் தாங்காது. மெதுவாகப் பறக்கிற, மண்தரையில் இறங்குகிற, அசையாத இறக்கை வைத்த விமானம் நாலைந்து எங்கள் கையிலேயே இருந்தால் போதும் என்றார். இறக்கை உள்ளது எல்லாம் எங்களுடையது என்று விமானப்படைக்காரர்கள் விட மாட்டேன் என்கிறார்களாம்.

எங்கள் வரிசையில் ஆறு வீட்டுக்கும் தண்ணீருக்கு ஒரே மோட்டார். சுவிட்சு முனை வீட்டில். அவர்கள் தூங்கினால் எங்களுக்குத் தண்ணீர் இல்லை. இதைச் சொல்லி, உங்கள் கதையும் இந்த சுவிட்சுக் கதைதானா என்று கேட்டேன். அவர் முதல் தடவையாகச் சிரித்தார். இதை அந்தக் கூட்டத்தில் சொல்லலாமா என்று என்னிடமே கேட்டார். சொல்லுங்கள், ஆனால் முனை வீட்டுக்காரர் காதில் விழாமல் சொல்லுங்கள் என்றேன்.

ஆனாலும் எனக்குக் குழப்பம் தீரவில்லை. ஒரே நாட்டுப் பட்டாளம், ஒரே கொடி, ஒரே சம்பளப் பெட்டி. உள்ளுக்குள் இப்படி ஒரு மோட்டார் சண்டை. வெளியிலிருந்து பார்க்கிற நாங்களோ அவர்களை ஒரே சுவராக நினைத்துப் பயந்துகொண்டிருந்தோம்.

வாரத்துக்கு ஒருமுறை வேலையைப் பார்க்க வருவார். என் வீட்டுக்காரர் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். விரல் நீளக் குண்டுகளைக் கடைந்துகொண்டிருந்தபோது, தலையைத் தூக்காமல், இது விழுகிற இடத்தில் யார் இருப்பார்கள் என்றார். எதிரி என்றார் மேஜர். நாலு குண்டும் ஒன்றுபோல் வந்திருந்தன, கடைசல் அவ்வளவு சுத்தம். மலையில் இருப்பவர்களுக்கும் பத்தாவது தேறிய மகள் இருப்பாள் என்று தோன்றியது. தோன்றியும் நான் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை. வைத்தேன் என்று எழுதினால் பொய்.

ஏனென்றால் அதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. மகள் படிக்கட்டில் உட்கார்ந்து படிப்பதைப் பார்த்து, என்ன படிக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவள் என்னைவிட நல்ல பர்மி பேசுவாள். தமிழில் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், பர்மியில் சொன்னதால் அழாமல் சொன்னாள் என்று நினைக்கிறேன். அசல் தாள்களைக் கொடுங்கள், கூட்டம் முடிந்ததும் தெரிந்தவரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார் மேஜர். பதிலுக்கு எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. எதையும் கேட்காமல் உதவுகிறவரைக் கண்டால் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் வரும். அன்றும் வந்தது. நகல் எடுத்துக் கொடுப்போம் என்றார் என் வீட்டுக்காரர். நான்தான் தகர டப்பாவைத் திறந்து அசலையே எடுத்துக் கொடுத்தேன். மாமனாரின் சான்று மடிப்பில் கிழிந்து ஒட்டியிருந்தது. மேஜர் அதை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் மெல்லச் செருகிக்கொண்டு போனார்.

அப்புறம் சரஸ்வதி பூஜை வந்தது. அன்று பட்டறையில் உளி, வாள், கடைசல் மிஷின், என் பிரஷ் டப்பா எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, விளக்கேற்றி, பொரிகடலை படைப்போம். மறுநாள் காலைவரை கருவி எதையும் கையால் தொடுவதில்லை. அந்த வருஷம் சந்தனக்கட்டை தேய்ந்து நுனி விரல் அளவில் இருந்ததால் தனாக்காக் கட்டையை அரைத்து வைத்தேன். முகத்துக்குப் பூசுகிற கட்டை, சாமி கோபிக்காது என்று சொல்லிக்கொண்டேன். விமானம் பலகையில் மல்லாந்து கிடந்தது. குண்டுகளை முந்தின நாள்தான் ஒட்டியிருந்தார், வஜ்ஜிரப் பசை காய வேண்டும் என்று கவிழ்த்து வைத்திருந்தார். வரிசையாக வைத்துக்கொண்டு வந்த கை அதற்கும் வைத்தது. இரண்டு இறக்கைக்கும் அடிப்பக்கத்தில், தனாக்காவுக்கு மேல் வட்டமாக இரண்டு பெரிய குங்குமப் பொட்டு. வைக்கும்போது விமானம் நன்றாகப் பறக்கட்டும் என்று நான் வேண்டவில்லை. மகளுக்கு அட்டை வரட்டும் என்றுதான் வேண்டினேன். யாரிடம் எதைக் கேட்கிறோம் என்ற தெளிவு எனக்கு அப்போதும் இல்லை.

கூட்டம் இரண்டு நாள் கழித்துத்தான். ஆனால் பூஜையன்று காலை பத்து மணிக்கே ஜீப் வந்து நின்றது. கூட்டத்தை முன்னால் தள்ளிவிட்டார்களாம், உடனே கொடுங்கள் என்றார் மேஜர். அதற்குள் என் வீட்டுக்காரர் விமானத்தை நிமிர்த்தித் தாங்கியில் வைத்திருந்தார். பொட்டை நான் துடைத்துவிட்டிருப்பேன் என்று அவர் நினைத்தார். மேலே சுத்தமாக இருப்பதைப் பார்த்து அவர் துடைத்துவிட்டார் என்று நான் நினைத்தேன். கடைசிக் கை வார்னிஷ் பாக்கி என்று நான் சொன்னேன், இன்று பிரஷ்ஷைத் தொட முடியாது என்று அவர் சொன்னார். மேஜர் பட்டறையைச் சுற்றிப் பார்த்து, மிஷின்கூட தனாக்கா பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதே என்று சிரித்தார். வார்னிஷ் வேண்டாம் என்று தானே விமானத்தைத் தூக்கி, பச்சை வெல்வெட் ஒட்டிய பெட்டிக்குள் வைத்து மூடி எடுத்துப் போனார்.

மூன்றாம் நாள் நான் சந்தையிலிருந்து வந்தபோது அந்தப் பெட்டி எங்கள் மேசையில் இருந்தது. மேஜர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார், நீ வந்து திறந்து பார்க்கச் சொன்னார் என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. செய்து கொடுத்ததைத் திருப்பி அனுப்புவதைப்போல எங்கள் தொழிலில் அவமானம் வேறில்லை. அதற்குள் அவருக்கும் ஞாபகம் வந்திருந்தது. பொட்டைத் துடைத்தாயா என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. திறக்க மனம் வரவில்லை. மேசையிலிருந்து தூக்கி மச்சில் அலமாரியின்மேல் வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மேஜர் மறுபடி வந்தார். வெளியே ஜீப்பில் இன்னொரு அதிகாரி காத்திருந்தார், அடிக்கடி ஹாரன் அடித்தார். மேஜர் உட்காரவில்லை. கூட்டத்தில் நடந்ததை நாலே வாக்கியத்தில் சொன்னார். மணலில் செய்த மலைக்கு மேல் விமானத்தைத் தூக்கிப் பிடித்து, எப்படிச் சாய்ந்து இறங்கும் என்று காட்டியிருக்கிறார். கீழே உட்கார்ந்திருந்த மூத்தவர் அண்ணாந்து பார்த்து அப்படியே உறைந்துவிட்டாராம். சின்ன வயதில் ஜப்பான்காரன் விமானத்துக்குப் பயந்து வாய்க்காலில் படுத்தவராம் அவர், இறக்கைக்கு அடியில் அதே மாதிரிச் சிவப்பு வட்டத்தைப் பார்த்து இது யாருடைய விமானம் என்று கேட்டிருக்கிறார். அதைத்தான் நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று விமானப்படைக்காரர் ஒருவர் சொல்ல, அறை முழுக்கச் சிரிப்பு. அத்தோடு கூட்டம் முடிந்ததாம். மோட்டார் கதையைச் சொல்ல நேரமே கிடைக்கவில்லை என்றார்.

எதற்காக அந்தப் பொட்டு என்று என்னிடம் கேட்டார். வேலைக்கு உதவுகிற பொருளுக்கு மரியாதை செய்கிற வழக்கம் என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமா, வருத்தமா என்று அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுநாள் வடக்கே மாற்றலாகிப் போவதாகச் சொன்னார். வெளியே ஹாரன் மறுபடி அடித்தது.

"பெட்டியத் திறந்து பாத்தீங்களா, அமாஜி?" என்றார். அக்கா என்கிற முறையில் எப்போதும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

நான் செய்த தப்பை என் கண்ணாலேயே பார்க்க வைக்கிறார் என்று எனக்கு ஆத்திரம் வந்தது. படிக்கட்டில் மகள் நின்றுகொண்டிருந்தாள், அவள் எதிரில் குனிய எனக்கு இஷ்டமில்லை.

"பாத்தேன், போமு."

"போதுமா?"

"போதும்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். போன பிறகுதான் அசல் தாள்களைக் கேட்கவில்லையே என்று எனக்கு உறைத்தது. தெருமுனைவரை ஓடினேன். செருப்பு ஒன்று அறுந்ததுதான் மிச்சம்.

பிறகு நான் அலைந்த அலைச்சலைச் சொல்லி மாளாது. அட்டை ஆபீஸில், தாள்களை எடுத்துப் போனவரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் புதிதாக வாங்கி வாருங்கள் என்றார்கள். செத்துப்போன மாமனாரின் வேலைச் சான்றைப் புதிதாக யாரிடம் வாங்குவது? மேஜர் இருந்த முகாமின் வாசலுக்கு மூன்று தடவை போனேன். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றான் காவலுக்கு நின்றவன். மாற்றலாகிப் போன இடத்தைக் கேட்டால் என்னையே கேள்வி கேட்டான். அந்த மேஜர் பழிவாங்கிவிட்டான் பாவி, இரண்டு பொட்டுக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கையா என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒருநாள் திட்டிக்கொண்டே அழுதேன். கடைசித் தேதி வந்தது, போனது. மகள் தன் புத்தகங்களைக் கட்டி, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அப்புறம் அவள் ஊருக்கு வெளியே ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் தொழிற்சாலைக்குப் போக ஆரம்பித்தாள். காலர் சரியாக மடிந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. விடியுமுன் பஸ் பிடிக்க வேண்டும். போகிற வருகிற பஸ்ஸில் மற்றவர்கள் தூங்குவார்கள், அவள் தூங்குவதில்லை என்று கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி சொன்னாள். என்ன செய்வாள் என்று நான் கேட்கவில்லை.

அலமாரிமேல் பெட்டி அப்படியே இருந்தது. ஒருமுறை கரையான் ஏறியிருக்கும், இறக்கிப் பார்க்கட்டுமா என்றார் என் வீட்டுக்காரர். நான் கத்திய கத்தலில் ஏணியை மடக்கிவிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று மகள் கேட்டபோது, அந்த இழவெடுத்த பொட்டுதான் இருக்கிறது என்றேன். நான் பார்த்ததாகச் சொன்னதை இருவரும் நம்பினார்கள். அவர்கள் நம்பி நம்பி, கொஞ்ச காலத்தில் நானே நம்பிவிட்டேன். கண்ணை மூடினால் வெல்வெட்டுமேல் விமானம் மல்லாந்து கிடப்பதும் இரண்டு சிவப்பும் தெரியும். பார்க்காத ஒன்று எப்படி அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் வெளியே வந்து பார்ப்பேன். தரைப்படைக்கு அவர்கள் கேட்ட விமானம் கிடைத்ததா, சுவிட்சு யார் கையில் இருக்கிறது, ஒன்றும் எனக்குத் தெரியாது. கீழிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

பல வருஷம் கழித்து அந்தப் பெரிய புயல் வந்தது. அதற்கு முந்தின வருஷமே என் வீட்டுக்காரர் தவறிப்போய்விட்டார். புயல் எங்கள் மச்சின் தகரத்தில் நாலைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. காற்று அடங்கி வெயில் வந்ததும் நானும் மகளும் நனைந்ததையெல்லாம் இறக்கிக் காயப்போட்டோம். அலமாரிமேல் இருந்த பெட்டியின் மூடி உப்பி வாய் பிளந்திருந்தது. இனி என்ன அவமானம் மிச்சம் என்று நினைத்துத் திறந்தேன்.

விமானம் மல்லாந்து கிடக்கவில்லை. நிமிர்ந்து நின்றது, விசிறி மட்டும் உடைந்திருந்தது. அதன் அடியில், கண்ணில் படும்படியாக, ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே மாமனாரின் சான்று, குடும்பப் பட்டியல், பிறந்த சீட்டு, கூடவே முத்திரை வைத்த ஒரு கடிதம். எனக்குப் பர்மி எழுத்தை அழகாக வரையத் தெரியும், ஆபீஸ் பாஷை புரியாது. கடிதத்தை மகளிடம் நீட்டினேன்.

அவள் வெயிலில் நின்று வாசித்தாள். இந்தக் குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும், அசல் தாள்களை நானே பார்த்தேன், இந்தப் பெண்ணுக்கு அட்டை கொடுக்கப் பரிந்துரைக்கிறேன் என்று இருந்தது. தேதி அந்தக் கூட்டத்துக்கு மறுநாள். அறை முழுக்க அவரைப் பார்த்துச் சிரித்ததற்கு மறுநாள். அடியில் கையெழுத்தில், நான் மாற்றலாகிப் போகிறேன், மாதம் முடிவதற்குள் இதை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று எழுதி, போக வேண்டிய அறை எண்ணையும் போட்டிருந்தார். எங்கள் வீட்டிலிருந்து அந்த ஆபீஸுக்குக் கால்மணி நடை. எதற்காக அந்த மனிதர் இதைச் செய்தார், அவர் திட்டமே எங்களால் பாழான பிறகு? எவ்வளவு யோசித்தும் எனக்கு அந்த முடிச்சு அவிழவில்லை.

மகள் கடிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்தாள். உறைக்குள் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அன்னிக்கு அந்தப் போமுகிட்ட பாத்தேன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன்," என்றேன். "பாக்கல."